தேதி இருக்கிற வண்டி

தன் வாடகைக் காரை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழுக்குக் காட்டப் போவதற்கு முந்தின நாள் செம்மொழி செய்த ஏற்பாடுகளைப் பார்த்திருந்தால், பெண் பார்க்க வருகிறவர்களுக்காக வீட்டை ஒழிக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். ஸ்டெப்னி டயர் வழுக்கையாகியிருந்தது. நீடாமங்கலம் டயர் கடையில் ஒரு நாள் வாடகைக்கு நல்ல டயர் ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டாள். தீயணைக்கும் சிவப்பு உருளை சித்தப்பா மகனின் வேனிலிருந்து இரவலாக வந்தது. முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு, முன்னும் பின்னும் ஒளிரும் ஸ்டிக்கர், கதவுக்குப் பெயிண்ட். இதிலெல்லாம் அவளுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. மஞ்சள் போர்டு வண்டி வைத்திருக்கிற அத்தனை பேரும் செய்கிற காரியம்தான். பார்க்கிறவர்கள் பார்க்கிற இடத்தை மட்டும் துடைத்து வைத்தால் போதும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம்.

பழைய சான்றிதழுக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது. வைகாசிக் கடைசியில் முகூர்த்தங்கள் அடுக்கடுக்காக வருகின்றன, அப்போது போய் ஆர்.டி.ஓ. மைதானத்தில் வரிசையில் நின்றால் சவாரி போய்விடும் என்று கணக்குப் போட்டு, முன்ஜாக்கிரதை முத்தண்ணாவாக முன்கூட்டியே கிளம்பினாள். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் கவிழ்ந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் என்று வண்டிக்காரர்கள் சொல்லும் அதிகாரிக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஹாரன், வைப்பர், விளக்கு எல்லாவற்றையும் பார்த்தார். சிவப்பு உருளையைப் பார்த்தார், ஸ்டெப்னியைத் தட்டினார். பிறகு சாவியைக் கேட்டு வாங்கி, தானே ஏறி மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டி பிரேக் போட்டார். இன்னொரு சுற்று, இன்னொரு பிரேக். இறங்கி வந்தவர் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தார். அங்கே யாரும் துடைத்து வைக்கவில்லை.

வெளியே வந்தபோது அவர் கையில் கருத்துப்போன நார்ச்சுருள் ஒன்று இருந்தது.

"இது என்னங்க?"

"உளுந்தங்கொடி சார்."

பங்குனியில் உளுந்து பிடுங்கினால் அந்தப் பக்கத்தில் களத்தைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் மிதித்து நெற்று வெடிக்கும், பெண்கள் கூட்டி அள்ளிக்கொள்வார்கள். பஸ்ஸும் லாரியும் எப்போது வரும் என்று காத்திருப்பானேன், நம்ம செம்மொழி இருக்கிறாளே என்று தெருவே அவளைக் கூப்பிடும். அவளும் மூன்று நாள் முன்னும் பின்னுமாக ஒவ்வொருவர் உளுந்திலும் காரை விட்டு மிதித்துக் கொடுத்தாள். வாரம் இரண்டு நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அவள் கூட்டிப்போகிற வானதி டீச்சர் வீட்டு உளுந்தும் அதில் உண்டு. அந்தக் கொடிதான் பின் சக்கரத்துப் பக்கம் சுற்றிக்கொண்டு, இரண்டு மாதமாக பிரேக் ஆயில் போகும் குழாயை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இடது பக்கம் ஹோஸ் நைஞ்சிடுச்சு, பைப்பும் தேஞ்சிருக்கு. ஆயில் கசியுது பாருங்க. பிரேக் போட்டா வலது பக்கம் இழுக்குதே, உங்களுக்குத் தெரியலையா?"

"இல்லிங்க சார்."

"இது இன்னைக்கும் போகலாம், ரெண்டு மாசம் கழிச்சும் போகலாம். சரி பண்ணிட்டு எடுத்துட்டு வாங்க." தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பழைய எஃப்.சி.க்கு இன்னும் இருபத்து மூணு நாள் தேதி இருக்குங்களே சார். அது வரைக்கும் ஓட்டலாம்ல?"

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். "தேதி இருக்கும்மா. பிரேக் இல்ல. எத வச்சு நிறுத்துவீங்க?"

வாசல் டீக்கடையில் நின்ற புரோக்கர் வேறு மாதிரிச் சொன்னான். "அக்கா, பழைய பேப்பர் உயிரோட இருக்கு. யாரு கேட்டாலும் அத நீட்டுங்க. ஒரு பய புடிக்க முடியாது." செம்மொழிக்கு அது இனித்தது. நமக்கு வேண்டிய பதிலைச் சொல்கிறவன்தான் நமக்கு விவரம் தெரிந்தவன். அதிகாரியை விட்டுவிட்டுப் புரோக்கரை நம்பி வண்டியை எடுத்தாள்.

வழி நெடுக ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் கொடுமை. வண்டி எப்போதும் போல ஓடியது. வேகத்தடையில் பிரேக் போட்டாள், நின்றது. ஆனால் இந்த முறை தன் கைகளைக் கவனித்தாள். பிரேக்கில் கால் பட்டதுமே ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒரு விரல்கடை திருப்பிக்கொண்டிருந்தன. யாரும் சொல்லாமலே கைகள் அதைப் பழகிவைத்திருந்தன. சரிவு என்று இத்தனை நாள் ரோட்டைத் திட்டியிருந்தாள், கோளாறு ரோட்டில் இல்லை. அதிகாரியிடம் தெரியாது என்று சொன்னது பொய்யில்லை என்றாலும், கைக்குத் தெரிந்தது தலைக்கு வராமல் பார்த்துக்கொண்டது யார் என்ற கேள்வி எழுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு கியரை மாற்றினாள்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டினால் உபைதுல்லா பாயின் பட்டறை. பாய் கீழே குனிந்து பார்த்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"சாமான் இருந்தா ஒரு மணி நேர வேலைம்மா. உன் வண்டி பழைய மாடல், இங்க கெடைக்காது. திருச்சியிலேர்ந்து சனிக்கெழமதான் வரும்."

"அது வரைக்கும் கசியிற எடத்துல எதையாச்சும் சுத்திக் குடுங்களேன் பாய்."

"பிரேக்குல கட்டுப் போடுற வேலைய நான் செய்யிறதில்ல. வண்டிய இங்கயே விட்டுட்டுப் போ."

"நாளைக்கு டீச்சர் இருக்காங்களே."

பாய்க்கும் தெரியும். ஆயிலை மட்டும் நிரப்பிவிட்டு, "நான் சொல்லலன்னு மட்டும் நாளைக்குச் சொல்லிடாதே," என்றார்.

வானதி டீச்சருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு ஒரு வருஷமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் தஞ்சாவூரில் ரத்தம் சுத்திகரிக்கப் படுக்க வேண்டும். வீட்டுக்காரர் இளஞ்செழியன் சிங்கப்பூரில் இருந்தார். ஆரம்பத்தில் டீச்சர் பஸ்ஸில்தான் போய் வந்தார். ஒருநாள் திரும்பும்போது சாலியமங்கலத்தில் கூட்டத்துக்கு நடுவே மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து செம்மொழியின் கார். இரண்டு பேருக்கும் ஐந்து வயது வித்தியாசம்கூட இருக்காது. இவள் அவரை டீச்சர் என்பாள், அவர் இவளை அக்கா என்பார். வீட்டில் இரவு முழுக்கப் புரண்டு படுக்கிற டீச்சர், இந்த வண்டியில் ஏறி கோயில்வெண்ணி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். "எனக்கு மாத்திரையில வராத தூக்கம் உங்க வண்டியில வருதுக்கா," என்று ஒருமுறை சொன்னார். ஊரில் முதல் பெண் டிரைவர் என்று சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் துண்டு போட்டார்கள். அந்தத் துண்டைவிட டீச்சர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் செம்மொழிக்குப் பெரிய மரியாதை.

அன்று சாயந்திரம் நான்கு டிரைவர்களுக்குப் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். ஒரு வண்டியும் இல்லை. ஸ்டாண்டிலேயே மூத்தவரான சாரங்கபாணி சிரித்துவிட்டார். "வைகாசி முகூர்த்தத்துல வந்து கார் கேக்குறியே, தாலி கட்டுறவனே டூவீலர்லதான் போறானாம்."

மிச்சமிருந்தது ஒரே ஒரு போன், டீச்சருக்குச் செய்ய வேண்டியது. பெயரை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். சொன்னால் பயப்படுவார், பயந்தால் பிரஷர் ஏறும், பிரஷர் ஏறினால் அங்கே படுக்க வைக்க மாட்டார்கள் என்று ஒரு சங்கிலி கோத்தாள். பொய்க்கு என்றைக்கும் நல்லெண்ணம்தான் துணைக்கு வரும். ஆனால் செம்மொழி அப்படி ஒன்றும் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறவள் இல்லை. உண்மையில் பயந்தது அவள்தான். எஃப்.சி.யில் நிராகரித்த வண்டி என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் அந்தப் பின்சீட்டில் டீச்சர் எப்படித் தூங்குவார்? போனை வைத்துவிட்டாள். நாற்பதுக்கு மேல் போகக் கூடாது, முன்வண்டிக்கு நிறைய இடம் விட வேண்டும், ஒரே ஒரு நாள்தானே. சனிக்கிழமை எல்லாம் சரியாகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு டீச்சர் தலையணையும் பிளாஸ்க்குமாக வந்து பின்சீட்டில் ஏறினார். கால் வீங்கியிருந்தது. கோயில்வெண்ணிக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்.

"என்னக்கா, சாமி ஊர்வலம் மாதிரி போறீங்க?"

"ரோட்டுல நெல்லு காயப்போட்டிருக்காங்க டீச்சர்."

நெல் காயப்போட்டிருந்தது உண்மைதான். கோடை நெல் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பிவிடப்பட்டவர்கள் ரோட்டில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையை வைத்துக்கொண்டே பொய் சொல்ல முடியும் என்பது செம்மொழிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது டீச்சர் தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அம்மாபேட்டை தாண்டி இரண்டு கிலோமீட்டர். இடது பக்கம் பாதி ரோட்டை அடைத்து ஒரு நெல் அம்பாரம், மேலே தார்ப்பாய், ஓரத்தில் செங்கல் வரிசை. எதிரே பஸ் வந்தது. வழக்கமாக அம்பாரத்துக்கு முன்னால் நின்று பஸ்ஸை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். தூரத்திலேயே பிரேக்கில் கால் வைத்தாள். பெடல் தரை வரைக்கும் போனது.

எடுத்துவிட்டு மறுபடி மிதித்தாள். பாதி பிடித்தது. பிடித்த கணமே வண்டி வலது பக்கம், பஸ்ஸைப் பார்த்துத் திரும்பியது. பஸ்ஸின் ஹாரன் காதைப் பிளந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், அது பெயருக்கு இருந்தது. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தாள். செங்கல் இரண்டு நொறுங்கின. கார் அம்பாரத்துக்குள் மூக்கை நுழைத்து, சரிந்த நெல் பானெட் வரை ஏற, நின்றது.

பஸ் நிற்காமல் போய்விட்டது. செம்மொழியின் கால் இன்னும் பெடலை மிதித்தபடியே இருந்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன் என்றது. திரும்பிப் பார்த்தாள். டீச்சர் முன்சீட்டில் கைகளை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடி இல்லை.

கதவைத் திறந்து இறங்கியவள் முதலில் பார்த்தது முன் சக்கரத்தை. சக்கரத்துக்கடியில் ஒரு கோரைப்பாய். பாய்மேல் கசங்கிய போர்வை. சக்கரத்தின் அந்தப் பக்கம் ஒரு தலையணை, நடுவில் தலை வைத்த குழி அப்படியே இருந்தது.

நெல்லைப் போட்டவர்கள் நெல்லோடுதான் படுப்பார்கள். அது அவளுக்குத் தெரியாததா? அவள் அப்பாவே படுத்திருக்கிறார்.

குனிந்து போர்வையைத் தொடக் கை வரவில்லை. தொட்டு, கீழே ஏதாவது இருந்துவிட்டால்? அந்த ஒரு நிமிஷம் அவள் உயிரோடு இருந்தாள் என்று சொல்ல முடியாது. வாய்க்கால் பக்கமிருந்து ஆள் ஒருவர் ஓடி வந்தார். அறுபது வயது இருக்கும், வாயில் பல்பொடி நுரை. அவரைப் பார்த்ததும்தான் செம்மொழிக்கு மூச்சு வந்தது. அப்படியே செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் நெல்லைப் பார்த்தார், காரைப் பார்த்தார். கடைசியாகக் கோரைப்பாயைப் பார்த்தார். துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பல்லு வெளக்கலாம்னு இப்பதான் எழுந்து போனேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

டீச்சர் மெல்ல இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னக்கா, நாய் எதுவும் குறுக்க வந்துடுச்சா?"

"நாய்ங்க தொல்ல இங்க தாங்க முடியலம்மா," என்றார் நெல்லுக்காரர், பழக்கத்தில். "ராத்திரி பூரா சுத்துது."

இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பொய்யைச் செய்து, கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். தலையை ஆட்டினால் போதும். சனிக்கிழமை சாமான் வந்துவிடும், செவ்வாய்க்கிழமை டீச்சர் எப்போதும் போலத் தூங்கிக்கொண்டு வருவார். செம்மொழி தலையணையின் குழியைப் பார்த்தாள்.

"நாய் வரல டீச்சர். பிரேக் புடிக்கல."

"திடீர்னா?"

"இல்ல. நேத்து எஃப்.சி. காட்டப் போனேன். பிரேக் சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பட்டறை பாயும் எடுக்காதன்னு சொன்னாரு. தெரிஞ்சேதான் எடுத்துட்டு வந்தேன். பழைய பேப்பருக்குத் தேதி இருக்குன்னு மனசத் தேத்திக்கிட்டேன். உங்ககிட்ட சொன்னா பயப்படுவீங்கன்னு..." அங்கே நிறுத்தினாள். "அதுவும் பொய்தான் டீச்சர். அப்புறம் என் வண்டியில ஏற மாட்டீங்களோன்னுதான் சொல்லல."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் வீங்கிப்போயிருந்ததால் அதில் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை.

"ஏறியிருப்பேன்க்கா," என்றார். "எனக்கு மட்டும் வேற வழி இருந்துச்சா? படுக்காம விட முடியாது. நீங்க சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன். முழிச்சிக்கிட்டு வந்திருப்பேன்."

அடித்திருந்தால்கூட செம்மொழி தாங்கியிருப்பாள்.

நெல்லுக்காரர் சக்கரத்துக்கடியில் கிடந்த பாயை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. போர்வையை மட்டும் உருவி உதறினார். நெல் பொலபொலவென்று கொட்டியது. "அவங்களுக்காச்சும் நீ சொல்லியிருக்கலாம்மா," என்றார். "எனக்கு யாரு வந்து சொல்லுவா?"

பேப்பர், தேதி, முகூர்த்தம், பிரஷர் என்று அவள் கோத்த சங்கிலியில் இந்த மனிதர் எங்குமே இல்லை. தன்னையும் டீச்சரையும் வைத்துத்தான் கணக்குப் போட்டாள். ரோட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள் என்பது பதினோரு வருஷம் வண்டி ஓட்டுகிறவளுக்கு மறந்துபோயிருந்தது. "மன்னிச்சிடுங்க," என்றாள். அவர் அதை வாங்கிக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை. தஞ்சாவூர் பஸ் தூரத்தில் வருவதைப் பார்த்து, அவரே ரோட்டின் நடுவில் போய் நின்று கையைக் காட்டினார்.

"போயி அவங்கள மொதல்ல படுக்க வை. வண்டி இங்கயே கெடக்கட்டும், நான் பாத்துக்குறேன். எம்பேரு வீரையன். வந்து அந்த நெல்ல அள்ளிக் குடுத்துட்டுப் போ."

பஸ்ஸில் டீச்சருக்கு இடம் கிடைத்தது. செம்மொழி பக்கத்தில் நின்றுகொண்டே பாய்க்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். பாய் திட்டவில்லை. வண்டியை இழுத்துவர ஆள் அனுப்புவதாக மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அந்த நேரத்தில் வண்டியைத் துடைப்பாள், யாரிடமாவது வம்பளப்பாள். இன்று செய்வதற்கு ஒன்றும் இல்லை. டீச்சர் வெளியே வந்தபோது பிழிந்துபோட்ட துணி மாதிரி இருந்தார். கையைப் பிடித்து பஸ் ஏற்றினாள். உட்கார இடம் ஒன்றுதான் இருந்தது. கூட்டம் டீச்சர்மேல் சாயாமல் இருக்க, சீட்டுக்குக் குறுக்கே கையைத் தடுப்பாக வைத்துக்கொண்டு நின்றாள். பதினோரு வருஷமாக உட்கார்ந்தே போன ரோட்டில் நின்றுகொண்டு போவதும் ஒருவிதத்தில் நியாயமாகத்தான் பட்டது.

பஸ் சாலியமங்கலத்தைத் தாண்டியது. செம்மொழி ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தாள். செவ்வாய்க்கிழமைக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று டீச்சர் சொல்லப்போகிறார். சொல்லட்டும், சொல்வதுதான் சரி என்று மனசைத் தயார் செய்துகொண்டாள். டீச்சர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"பாய்க்கு சாமான் என்னைக்கு வருது?"

"நாளைக்கு வந்துடும்னாரு டீச்சர்."

"வந்து மாட்டினதும் எனக்குச் சொல்லுங்க."

செம்மொழி தலையை ஆட்டினாள்.

"வரலன்னாலும் சொல்லுங்க."

அதற்கும் தலையைத்தான் ஆட்டினாள்.

"தலைய ஆட்டாதீங்க," என்றார் வானதி, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில், அவளை நேராகப் பார்த்து. "வாயால சொல்லுங்க."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்றேன் டீச்சர்," என்றாள் செம்மொழி.